ஒரு கையெழுத்தும் ஒரு மூட்டைத் தானியமும்



இந்த நேரத்தில் வழக்கமாக நாற்றங்காலைப் பற்றியோ இலைச் சுருட்டுப் புழுவைப் பற்றியோ பேசுவேன். இன்றைக்குக் கொஞ்சம் தூரம் போய்வரப் போகிறோம். அதற்குக் காரணம் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. உரக்கடைத் திண்ணையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர், என் வண்டியை நிறுத்திக் கேட்டார்.

"சார், அமெரிக்க ஜனாதிபதி ஒரு கையெழுத்துப் போட்டாராம். அடுத்த வாரமே ஆப்பிரிக்காவிலே கஞ்சித் தொட்டியை மூடிட்டாங்களாம். ஒத்தக் கையெழுத்துக்கு அம்புட்டுப் பலமா? அங்கே பார்லிமெண்டு, கோர்ட்டு எல்லாம் கிடையாதா?"

நல்ல கேள்வி. நின்றபடியே பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. "ரேடியோவிலே சொல்றேன் ஐயா" என்று வந்துவிட்டேன். அந்தப் பதில்தான் இன்றைய பேச்சு.

இது நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமக்கும் அந்தக் கையெழுத்துக்கும் பழைய உறவு உண்டு. 1960களில் நம் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுக்கு 'கேர்' என்ற அமைப்பின் மூலமாகப் பால் பவுடரும் மக்காச்சோள மாவும் வந்தன. அவை அமெரிக்க அரசின் உணவு உதவியில் வந்தவை. என் தகப்பனார் அந்த மஞ்சள் மாவில் கிண்டிய உப்புமாவைத் தின்று வளர்ந்தவர். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்கள் பலருக்கும் அந்த வாசனை நினைவிருக்கும்.

சட்டம் வேறு, ஆணை வேறு

முதலில் ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வோம். நம் ஊரில் சட்டசபை பட்ஜெட் போடுகிறது. சொட்டு நீருக்கு மானியம் என்று அறிவிப்பு வருகிறது. அறிவித்த அன்றைக்கே யாராவது பணம் வாங்கியிருக்கிறீர்களா? இல்லை. அரசாணை வரவேண்டும். ஜி.ஓ. என்போமே, அது. எந்த வட்டாரத்துக்கு எத்தனை ஏக்கர், எந்தத் தேதிக்குள் மனு, சிறு விவசாயி சான்று வேண்டுமா, இதெல்லாம் அதில்தான் இருக்கும். ஜி.ஓ. இயக்குநரிடமிருந்து மாவட்ட இணை இயக்குநருக்கு வரும். அங்கிருந்து வட்டார உதவி இயக்குநர், வேளாண் அலுவலர், உதவி வேளாண் அலுவலர் என்று இறங்கி உங்கள் வாசலுக்கு வரும்.

அமெரிக்காவிலும் ஏறக்குறைய இப்படித்தான். அவர்கள் பார்லிமெண்டுக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் ஊர்க் கட்சியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு இரண்டு சபைகள். கஜானாவிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் காங்கிரஸ் சட்டம் போட்டு ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய அரசியல் சட்டம். அதைச் செலவழித்து வேலை நடத்துகிறவர் ஜனாதிபதி.

அவர் வேலை நடத்தும் முக்கியக் கருவிகள் மூன்று. ஒன்று, நிர்வாக ஆணை. அதற்கு நம்பர் உண்டு, கெஜட்டில் வெளியாகும். இரண்டு, குறிப்பாணை. அமைச்சர்களுக்கும் இலாகாத் தலைவர்களுக்கும் 'இப்படிச் செய்யுங்கள்' என்று எழுதுவது. மூன்று, கொள்கை உத்தரவு. பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம் இவற்றில் அரசு எந்தத் திசையில் போகவேண்டும் என்பதைச் சொல்லும். இதில் சில ரகசியமாகவே இருக்கும்.

சட்டத்தை மாற்ற இன்னொரு சட்டம் வேண்டும். ஒரு ஜனாதிபதி போட்ட ஆணையை எடுக்க அடுத்த ஜனாதிபதியின் பேனா போதும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

அதுவும் வெளிநாட்டு உதவி விஷயத்தில் காங்கிரஸ் சட்டம் போடும்போதே 'ஜனாதிபதி தீர்மானிக்கும் நிபந்தனைகளின்படி' என்று பல இடங்களில் அவர் கைக்கு விட்டுவிட்டது. வெளிநாட்டு விவகாரம் நாளுக்கு நாள் மாறுவது, ஒவ்வொன்றுக்கும் சபையைக் கூட்ட முடியாது என்பது காரணம். ஏரியில் தண்ணீர் விடுவது காங்கிரஸ். மதகுச் சாவி ஜனாதிபதியிடம். சாமி வரங் கொடுத்தாலும் பூசாரி இடங் கொடுக்கணுமே என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா, அந்தக் கதைதான்.

பிறந்ததே ஆணையால்தான்

இரண்டாவது உலக யுத்தம் முடிந்ததும் ஐரோப்பாவைத் தூக்கிவிட 1948-ல் மார்ஷல் திட்டம் வந்தது. 1949 ஜனவரி 20-ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்றபோது பேசிய பேச்சில் நான்காவது அம்சமாக ஒன்றைச் சொன்னார். பின்தங்கிய நாடுகளுக்குத் தொழில்நுட்ப அறிவைக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்றார். அடுத்த ஆண்டு காங்கிரஸ் அதைச் சட்டமாக்கியது. 1952 ஜனவரியில் நம் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் தொழில்நுட்ப ஒப்பந்தம் ஏற்பட்டது. அந்த ஆண்டு காந்தி ஜயந்தியன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்துக்கு அந்த உதவியும் ஒரு கை கொடுத்தது.

சமுதாய வளர்ச்சித் திட்டத்தில்தான் கிராம சேவக் என்ற உத்தியோகம் வந்தது. கிராமத்துக்குச் சைக்கிளில் வந்து விதையைப் பற்றியும் எருக்குழியைப் பற்றியும் சொன்னவர் அவர். இன்றைக்கு உங்கள் முன் பேசுகிற என் உத்தியோகத்தின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது. ஆகவே நான் இதை அந்நிய விஷயமாகப் பேச முடியாது.

1961-ல் கென்னடி ஜனாதிபதியானார். அப்போது உதவி வேலை பல இலாகாக்களில் சிதறிக் கிடந்தது. கடன் கொடுப்பது ஓர் இடம், நிபுணர்களை அனுப்புவது வேறிடம். காங்கிரஸ் வெளிநாட்டு உதவிச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி கென்னடி அதில் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தில் உதவி என்ன என்பது இருந்தது. அதை நடத்த ஒரு நிறுவனம் வேண்டுமே? நவம்பர் 3-ந் தேதி 10973 என்ற நம்பருள்ள நிர்வாக ஆணையைப் போட்டார். அதன்படி வெளிநாட்டு இலாகாவுக்குள் ஒரு நிறுவனம் தோன்றியது. சர்வதேச வளர்ச்சிக்கான அமெரிக்க நிறுவனம் என்பது முழுப்பெயர். யு.எஸ்.எய்ட் என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

அதாவது, அந்தக் குழந்தையின் ஜாதகமே ஆணையில்தான் எழுதப்பட்டது. 1979-ல் கார்ட்டர் மறுசீரமைப்புத் திட்டம் ஒன்றையும் ஆணை ஒன்றையும் போட்டு, அதை வேறொரு புது அமைப்பின் கீழ் கொண்டுபோய் வைத்தார். 1998-ல் காங்கிரஸ் போட்ட சட்டத்தில்தான் இந்த நிறுவனம் தனி நிறுவனமாக இடம் பெற்றது.

மாதத்துக்கு ஒரு கப்பல்

இனி நம் வயிற்றோடு சம்பந்தப்பட்ட கதைக்கு வருவோம்.

1954-ல் ஜனாதிபதி ஐசனோவர் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். பி.எல். 480 என்று பெயர். அமெரிக்க விவசாயிகளிடம் மிஞ்சிக் கிடந்த தானியத்தை ஏழை நாடுகளுக்குச் சலுகையில் கொடுப்பது. நாம் டாலர் கொடுக்க வேண்டியதில்லை, ரூபாயிலேயே கொடுக்கலாம். அவர்களுக்குக் கிடங்கு காலியாயிற்று, நமக்குப் பசி அடங்கியது. இரண்டு பக்கமும் ஆதாயம்.

1965-லும் 1966-லும் மழை பொய்த்தது. அந்தச் சமயம் பார்த்து, 1965 நடுவில் பழைய ஒப்பந்தம் முடிந்தது. நீண்டகால ஒப்பந்தம் வேண்டுமென்று நாம் கேட்டோம். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் ஜான்சன். நீண்டகாலம் கிடையாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவேன் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குத் தேவையான கோதுமைக்கு மட்டும் அனுமதி. அது தீரும் தறுவாயில் அடுத்த அனுமதி. கட்டுக்கயிற்றைக் குட்டையாகப் பிடித்து மாட்டை மேய்ப்பது போல.

இலாகா அதிகாரிகள் இந்தியாவுக்குச் சீக்கிரம் அனுப்புங்கள் என்று எழுதினாலும், கடைசிக் கையெழுத்தை அவர் தம்மிடமே வைத்துக்கொண்டார். இந்தியாவில் எந்தப் பகுதியில் மழை பெய்தது, எங்கே பொய்த்தது என்பதையெல்லாம் தெரிந்து வைத்திருந்ததாகத் தம் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். இப்படிப் பிடித்து வைக்க அமெரிக்கச் சட்டத்தில் எழுத்து எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தானியமும் இருந்தது. ஆனால் கப்பல் எப்போது கிளம்பும் என்பது ஒரு மனிதரின் மேஜையைப் பொறுத்ததாகிவிட்டது.

அவருக்கு இரண்டு எண்ணங்கள். இந்தியா விவசாயத்தில் கவனம் செலுத்தட்டும் என்பது ஒன்று. வியட்நாம் யுத்தத்தை நாம் கண்டித்துப் பேசியது பிடிக்காதது இன்னொன்று. இரண்டும் அந்தக் கயிற்றில் முறுக்கிக் கிடந்தன.

1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் உணவு தானியத்தை நாம் இறக்குமதி செய்தோம். கப்பல் வந்தால் கஞ்சி என்ற நிலை. அதற்கு முன்னரே, பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சர் நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமாபுரியில் அமெரிக்க விவசாய மந்திரி ஃப்ரீமனைச் சந்தித்தார். விவசாயத்துக்குக் கூடுதல் பணம், ரசாயன உரம், புது விதை என்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதில் பெரும்பாலானவை அவர் ஏற்கெனவே செய்ய நினைத்தவைதான். 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதை வாங்கினோம். டில்லியில் தம் பங்களாப் புல்வெளியை உழுது அவரே அந்த விதையைப் போட்டுக் காட்டினார். விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனும் நார்மன் போர்லாகும் துணை நின்றார்கள். பஞ்சாப் விவசாயி பிடித்துக்கொண்டான். 1964-65-ல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த நம் கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன்னும், 1970-71-ல் 2 கோடியே 38 லட்சம் டன்னும் ஆயிற்று.

கப்பலில் வந்த கோதுமை தின்று தீர்ந்தது. கப்பலில் வந்த விதை நம் மண்ணில் தங்கிவிட்டது. இதைப் பற்றிப் பின்னால் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

ஆள் மாற நிபந்தனை மாறும்

உதவியை நிறுத்துவதும் விடுவதும் மட்டும் ஆணையின் வேலை இல்லை. 'இன்ன நிபந்தனைக்கு உட்பட்டால்தான் உதவி' என்றும் ஆணை வரும். இதற்கு நல்ல உதாரணம் குடும்ப நலத் திட்ட உதவி.

1984-ல் ரீகன் ஜனாதிபதியாக இருந்தபோது மெக்சிகோ நகரில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் ஒரு கொள்கையை அறிவித்தார்கள். கருக்கலைப்பைக் குடும்பக் கட்டுப்பாட்டு முறையாகச் செய்கிற, அல்லது அதை ஆதரித்துப் பேசுகிற வெளிநாட்டுத் தொண்டு நிறுவனத்துக்கு அமெரிக்காவின் குடும்ப நலப் பணம் கிடையாது. தங்கள் சொந்தப் பணத்தில் செய்தாலும் கிடையாது. அது சரியா தப்பா என்பது அவரவர் மனச்சாட்சி. அதற்குள் நான் போகவில்லை. ஆணை எப்படி ஆடியது என்பதை மட்டும் பாருங்கள்.

1993 ஜனவரியில் கிளிண்டன் வந்தார், ரத்து. 2001 ஜனவரியில் புஷ் வந்தார், மறுபடி அமல். 2009 ஜனவரியில் ஒபாமா வந்தார், ரத்து. 2017 ஜனவரியில் டிரம்ப் வந்தார், அமல். அதோடு சுகாதார உதவி பெரும்பாலானவற்றுக்கும் விரித்தார். 2021 ஜனவரியில் பைடன், ரத்து. 2025 ஜனவரியில் திரும்பவும் டிரம்ப், அமல். பெரும்பாலும் பதவியேற்ற முதல் வாரத்திலேயே கையெழுத்து. கமலை மாடு முன்னே போய்ப் பின்னே வருவது போல நாற்பது வருஷமாக இது நடக்கிறது. கமலையிலாவது ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் மேலே வரும். இங்கே எங்கேயோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்சம்மா, இந்த வருஷம் எந்த மருந்துப்பெட்டி வரும், எந்தப் பேச்சைப் பேசலாம் என்று தெரியாமல் நிற்கிறார்.

நமக்கும் இந்த அனுபவம் உண்டு. 1971 டிசம்பரில் வங்காளதேச யுத்தத்தின்போது நிக்ஸன் நமக்கு வரவிருந்த பொருளாதார உதவியை நிறுத்தி வைத்தார். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை செய்ததும் கிளிண்டன் தடைகளை விதித்தார். அந்தத் தடை அமெரிக்கச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. உணவு போன்ற மனிதாபிமான உதவிக்கு மட்டும் விலக்கு. 2001 செப்டம்பரில் புஷ் அந்தத் தடைகளை நீக்கினார்.

நல்லதும் ஆணையால் நடந்தது

ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமில்லை. ஜனாதிபதியின் பேனா நல்ல காரியத்தையும் சீக்கிரம் முடித்திருக்கிறது.

கென்னடி பதவியேற்ற நான்காம் நாளே, 1961 ஜனவரி 24-ல், ஓர் ஆணை போட்டு உணவு உதவிக்குத் தனியாக ஒரு தலைவரை நியமித்தார். அதுவரை உபரித் தானியத்தைத் தள்ளிவிடும் வேலையாக இருந்தது, 'சமாதானத்துக்கு உணவு' என்ற திட்டமாகத் தலைநிமிர்ந்தது. என் தகப்பனார் தின்ற உப்புமா அந்த வழியில் வந்ததுதான்.

2010 செப்டம்பரில் ஒபாமா உலக வளர்ச்சி பற்றி ஒரு கொள்கை உத்தரவு போட்டார். வளர்ச்சி உதவிக்கென்று ஓர் அமெரிக்க ஜனாதிபதி இப்படி முழுக் கொள்கை உத்தரவு போட்டது அதுவே முதல் தடவை. அந்தக் காலத்தில்தான் ஏழை நாட்டுச் சிறு விவசாயிக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சிக் கூடங்களை அமைத்து, இல்லினாய்ஸில் சோயா மொச்சை, கான்சாஸில் சோளம், கோதுமை என்று பிரித்துக் கொடுத்தார்கள். அங்கே கண்டுபிடித்தது ஆப்பிரிக்க விவசாயியின் காட்டுக்குப் போயிற்று. 2016-ல் காங்கிரஸ் உலக உணவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டு அந்த வேலைக்குச் சட்ட பலமும் கொடுத்தது.

ஆணையில் தொடங்கியது சட்டமாகிவிட்டதே, இனிப் பயமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் நடந்தது வேறு.

தொண்ணூறு நாள்

2025 ஜனவரி 20. டிரம்ப் இரண்டாம் தடவை பதவியேற்ற நாள். அன்றே 14169 என்ற நம்பருள்ள நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். வெளிநாட்டு வளர்ச்சி உதவி 90 நாள் நிற்கட்டும், ஒவ்வொன்றும் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததா என்று பார்ப்போம் என்றது அந்த ஆணை. எங்கள் வரிப்பணம் எங்கள் நாட்டுக்குப் பயன்படாத வழியில் போகிறது என்பது அவர் கட்சியார் சொன்ன காரணம். வரி கட்டுகிற குடியானவனுக்கு அதைக் கேட்கிற உரிமை உண்டு, அதில் தப்பில்லை.

நான்கு நாளில் வெளிநாட்டு இலாகாவிலிருந்து உத்தரவு போயிற்று. நடக்கிற வேலையையும் நிறுத்து என்று. இங்கேதான் பெரியவரின் கேள்விக்குப் பதில் இருக்கிறது. இந்த நிறுவனம் பெரும்பாலும் தானே கஞ்சி ஊற்றியதில்லை. ஒப்பந்தக்காரர், தொண்டு நிறுவனம், பல்கலைக்கழகம் இவர்கள் கைக்காசைப் போட்டுச் செலவு செய்து, பில் அனுப்பிப் பணம் வாங்கிவந்தார்கள். மேலே நிறுத்து என்றதும் பில் நின்றது. பில் நின்றதும் ஆளுக்குச் சம்பளம் நின்றது. சம்பளம் நின்றதும் அடுப்பு அணைந்தது. உள்நாட்டு யுத்தத்தில் தவிக்கும் சூடான் நாட்டில் ஊர் மக்களே சேர்ந்து நடத்திவந்த கஞ்சித் தொட்டிகள் நூற்றுக்கணக்கில் மூடப்பட்டன.

உயிர் காக்கும் உதவிக்கு விலக்கு உண்டு என்று சில நாளில் அறிவித்தார்கள். ஆனால் பணம் பட்டுவாடா செய்யும் ஏற்பாடு முடங்கிக் கிடந்தது. மடையைத் திறந்துவிட்டோம் என்று மேலே சொல்கிறார்கள், கடைமடையில் தண்ணீர் வரவில்லை. இது உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நிறுவனத்தின் தணிக்கைத் தலைவர் பிப்ரவரி 10-ந் தேதி ஓர் அறிக்கை கொடுத்தார். 48 கோடியே 90 லட்சம் டாலர் மதிப்புள்ள உணவு துறைமுகத்திலும் கப்பலிலும் கிடங்கிலும் கெட்டுப்போகும் அபாயத்தில் இருக்கிறது என்றார். மறுநாள் அவர் வேலை போயிற்று. அந்தத் தானியத்தில் பெரும்பகுதி அமெரிக்க விவசாயி விளைவித்தது. ஆக, இங்கே தின்ன வேண்டியவனுக்கும் நஷ்டம், அங்கே விளைவித்தவனுக்கும் சந்தை நஷ்டம். துபாய்க் கிடங்கில் இருந்த சுமார் 500 டன் சத்து பிஸ்கட் ஜூலை மாதம் காலாவதியாகி அழிக்கப்பட்டது. பசித்த குழந்தைகளுக்கென்று செய்த பிஸ்கட் அது.

1984 எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பிறகு, 1985-ல் பஞ்ச முன்னறிவிப்புக்கென்று ஒரு வலைப்பின்னல் அமைத்தார்கள். மழை, விளைச்சல், சந்தை விலை எல்லாம் பார்த்து, இன்ன நாட்டில் இன்ன மாதம் பசி வரும் என்று முன்கூட்டிச் சொல்வது. 2025 ஜனவரி கடைசியில் அதுவும் நின்று, சில மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தது. இல்லினாய்ஸ் சோயா ஆராய்ச்சிக் கூடமும் ஆட்களை அனுப்பிவிட்டது.

"பார்லிமெண்டு, கோர்ட்டு இல்லையா" என்றார் அல்லவா? இருந்தன. முடித்த வேலைக்கு உரிய சுமார் 200 கோடி டாலரைக் கொடுக்கச் சொன்ன கீழ்க் கோர்ட்டு உத்தரவை மார்ச் 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு நிறுத்த மறுத்தது. ஐந்து நீதிபதிகள் அப்படி, நான்கு பேர் மாறாக. காங்கிரஸ் சட்டத்தில் எழுதிய நிறுவனத்தை ஜனாதிபதி தாமாக மூடலாமா என்று வழக்குகளும் போயின. 1974-ல் போட்ட ஒரு சட்டம், ஒதுக்கிய பணத்தை ஜனாதிபதி இஷ்டத்துக்கு நிறுத்திவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் வழக்கு மாதக் கணக்கில் நடக்கும். பசி அதுவரை காத்திருக்காது. மார்ச் 10-ந் தேதி, 100-க்கு 83 திட்டங்களை ரத்து செய்தாயிற்று என்று வெளிநாட்டு மந்திரி ரூபியோ அறிவித்தார். ஜூலை மாதம் காங்கிரஸே ஒரு சட்டம் போட்டு வெளிநாட்டு உதவியில் சுமார் 800 கோடி டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குள் 2025 ஜூலை 1-ந் தேதியோடு யு.எஸ்.எய்ட் உதவி வேலையை நிறுத்தி, மீதி இருந்தது வெளிநாட்டு இலாகாவுக்குப் போய்விட்டது. ஆணையால் பிறந்த நிறுவனம், அறுபத்து நான்காவது வயதில், ஓர் ஆணையில் தொடங்கிய காரியத்தில் ஓய்ந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன் ஒரு மானாவாரி வட்டாரத்தில் வேலை பார்த்தேன். வெளி நிதியில் பண்ணைக் குட்டை வெட்டும் ஒரு திட்டம் வந்தது. வீடு வீடாகப் போய், "பணம் வந்துரும், நம்புங்க" என்று சொன்னவன் நான். பாதிக் குட்டை வெட்டியிருக்கும்போது மேலே எங்கேயோ முடிவு மாறி நிதி நின்றுவிட்டது. யார் முடிவு, எதற்காக என்று எனக்கே சொல்லவில்லை. ஓர் அம்மா இரண்டு ஏக்கர்தான் உள்ளவர். குட்டைக்காக அந்தப் பருவம் விதைக்காமல் காட்டைச் சும்மா போட்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

"விடுங்க தம்பி. தர்றாங்கன்னு சொன்னப்போ, நின்னா என்ன செய்யறதுன்னு நானும் கேக்கலை, நீங்களும் சொல்லலை."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. தோண்டிப் போட்ட மண் மேட்டில் அவர் கொள்ளு விதைத்தார். அடுத்த வருஷம் ஊர்க்காரர்கள் ஒருவர் காட்டுக்கு மற்றவர் ஆளாகப் போய், பாதியில் நின்றவற்றில் சிலவற்றைச் சின்னதாக வெட்டி முடித்தார்கள். அவர் குட்டையும் அதில் ஒன்று. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் அதன் மறுபக்கத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

ஒன்று. எந்தத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இது சட்டமா, பட்ஜெட்டா, வெறும் ஆணையா? எந்தத் தேதி வரைக்கும்? நடுவில் நின்றால் என் நிலை என்ன? கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை.

இரண்டு. வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செய்யுங்கள். எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை செய்தது பயன்படும்படி இருக்கட்டும். குட்டையைச் சின்னதாக வெட்டி முடித்துவிட்டு, பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். வரப்போகிற மானியத்தை நம்பி ஒரு பருவ விதைப்பை விட்டுவிடாதீர்கள். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்பது பெரியவர்கள் அனுபவித்துச் சொன்னது.

மூன்று. தின்று தீர்வதை வாங்குகிறபோதே, தங்குவதையும் கேட்டு வாங்குங்கள். விதை, வித்தை, கருவி, பழக்கம், இவையெல்லாம் தங்கும். ஜான்சன் கப்பலை நிறுத்தலாம், பஞ்சாபில் முளைத்த கோதுமையை நிறுத்த முடியவில்லை.

நான்கு. உழவர் குழுவிலோ உற்பத்தியாளர் கம்பெனியிலோ இருக்கிறவர்கள், வெளிப்பணம் வருகிற நல்ல காலத்திலேயே சொந்தச் சேமிப்பு ஒன்றைச் சேர்த்து வையுங்கள். ஒரு பருவத்துக்கு விதையும் இரண்டு மாதச் சம்பளமும் கையில் இருந்தால், மேலே எந்தப் பேனா எப்படிச் சாய்ந்தாலும் தாக்குப்பிடிக்கலாம்.

இன்னும் ஒன்று உண்டு. இன்று நாமும் கொடுக்கிற நாடு. ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தருவதாகச் சொல்லி, 2022-ல் அட்டாரி எல்லை வழியாக லாரி லாரியாக அனுப்பத் தொடங்கினோம். கொடுக்கிறவன் கை திடீரென்று மடங்கினால் வாங்குகிறவன் வீட்டில் என்ன நடக்கும் என்பது, மாதத்துக்கு ஒரு கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்த நமக்குத் தெரியும். நம் வீட்டில் ஒருவருக்கு ஒரு மூட்டை நெல் தருகிறேன் என்று சொன்னாலும், முடியாமல் போனால் முன்கூட்டியே சொல்லிவிடுவோம். அது பணம் செலவில்லாத தர்மம்.

உரக்கடைத் திண்ணைப் பெரியவரே, கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? ஒத்தக் கையெழுத்துக்கு அம்புட்டுப் பலம் உண்டுதான். சட்டமும் கோர்ட்டும் அதற்குக் கடிவாளம். ஆனால் கடிவாளம் இழுத்து நிற்பதற்குள் குதிரை கொஞ்ச தூரம் ஓடிவிடுகிறது. அந்தக் கொஞ்ச தூரத்துக்கு நம் பானையில் அரிசி இருக்கவேண்டும்.

அடுத்த வாரம் வழக்கம்போல வயலுக்குத் திரும்புவோம். நெல் நாற்றங்காலில் விதை நேர்த்தி பற்றிச் சொல்கிறேன்.